வெந்நீர்ச் சிக்கனம்

நார்வே வடகரை சால்மன் ஆலை. இரவு இரண்டு.
மின்கட்டணம் ஏறுகிறது,
வெதுவெதுப்பே போதும் என்றார் ஸ்டைனார்.
ஒரு மாதம் அப்படியே கழுவினாள்
லித்துவேனியாக்காரி டைவா.

வடிகால் விளிம்பின் கீறலுக்குள் லிஸ்டீரியா.
அந்த அரைச்சூட்டில் அதன் புரதங்கள்
மடிப்புக் குலைந்து
முட்டைவெள்ளையாய்த் திரளப் பார்த்தன.
ஓடிவந்தன வேறு புரதங்கள்.
தாங்கின, திரும்ப மடித்தன,
தேறாததை நறுக்கித் தின்னக் கொடுத்தன.
பிறகும் கலைந்து போகவில்லை.

வெள்ளிக்கிழமை ஸ்டைனாரே சொன்னார்:
சூட்டைக் கூட்டு.
கூட்டினாள். ஆவியில் ஆளே தெரியவில்லை.

திங்களன்று நான் தேய்த்தெடுத்த பஞ்சில்
உயிர் இருந்தது.
'பழக்கிவிட்டிருக்கிறோம்' என்றேன்.

டைவா கையுறையைக் கழற்றினாள்.
முதல் வாரம் கொப்பளித்த உள்ளங்கை
இப்போது
குழாயின் சூட்டு முனையைப் பிடித்துக்கொண்டே
என்னிடம் மணி கேட்கிறது.