பங்குனிக் கணக்கு

பூம்பாறைக்குக் கீழே, கேரட் வயல் முடிகிற இடத்தில்
ஓடையோரம் பத்து மீட்டர் கயிறு பிடித்து
இரு முனையிலும் சீகைக் குச்சி நட்டேன்.
மேல்முனையில் சவரியம்மாள் கமலா ஆரஞ்சைப் போட
கீழ்முனையில் நான் நொடி எண்ணினேன்.

நான்கு புள்ளி மூன்று.
இரண்டாவது பழம் பாறை இடுக்கில் புகுந்து
சுற்றிக்கொண்டே நின்றது, அதைச் சேர்க்கவில்லை.
மூன்றாவதும் ஏறக்குறைய அதே.
நான்காவதற்குக் கை நீட்டினேன்.
"பழம் எட்டு ரூபா சார்."

மேல்தண்ணீர் வெறுங்கையோடு ஓடும்,
அடித்தண்ணீர் கல்லைத் தடவித் தடவி வரும்.
அதற்காகப் பதினைந்து சதவீதம் தள்ளினால்
நொடிக்கு இரண்டு மீட்டர்.
சுழலியின் வாய் அறுபது சென்டிமீட்டர்.
வேகத்தை வேகத்தால் பெருக்கி
மறுபடியும் வேகத்தால் பெருக்கினேன்.
இருப்பதையெல்லாம் பிடுங்கினால்
தண்ணீர் நகர்ந்து போக வலுவிருக்காது;
பத்தில் மூன்று பங்குதான் நமக்கு.
அப்படியும் முந்நூற்று நாற்பது வாட்!
அடியில் இரண்டு கோடு போட்டேன்.
காவல் குடிசைக்கு விளக்கு, வயலின் நான்கு மூலைக்கும் விளக்கு,
காட்டுமாடு மிரள ஒரு போகஸ் லைட்டு,
ஒரு சின்ன டிவிகூட.

அவள் நோட்டைப் பார்க்கவில்லை.
எதிர்ப்பாறையில் முழங்கால் உயரத்தில் ஓடிய
வெளுத்த கோட்டைப் பார்த்தாள்.
"இது ஐப்பசித் தண்ணி.
மாடு இறங்குறது பங்குனியில.
அப்ப வந்து எண்ணுங்க."

பங்குனியில் போனேன்.
பழம் இல்லை, சீகைக் கட்டை ஒன்றை விட்டேன்.
அது அவசரப்படவே இல்லை.
எட்டு புள்ளி ஆறு.
சுழலி மூழ்கும் ஆழம் மட்டும்
ஒரே ஒரு மடுவில் மிச்சம்.

வேகம் பாதி. மின்சாரமும் பாதி என்றுதான்
மனசு சொல்லும்.
பெருக்கல் சொல்லாது:
பாதியில் பாதியில் பாதி, எட்டில் ஒன்று.
நாற்பத்திரண்டு வாட்.
இரண்டு தரம் போட்டுப் பார்த்தேன்,
இரண்டு தரமும் ஓடை சொன்னதையே சொன்னது.

"டிவி ஓடாதும்மா" என்றேன், ஏதோ நான்தான்
தண்ணீரைக் குடித்துத் தீர்த்தவன் போல.

"நாலு மூலைக்கும் பல்பு எரியுமா?"

ஒன்பது வாட் பல்பு, நான்கு. முப்பத்தாறு.
ஒயரில் கொஞ்சம் போகும்.
"எரியும். போனுக்குச் சார்ஜ் பகலில்தான்."

"பின்ன என்ன,
காட்டுமாடு வந்து வாட்டா கேக்கப் போவுது?"

முந்நூற்று நாற்பதை அடிக்கப் பேனா எடுத்தேன்.
இருக்கட்டும் என்றாள்.
மழைக்காலத்தில் மிஞ்சுவதை என்ன செய்வதென்று
அவளுக்கு வேறு கணக்கு இருந்தது.
என்னிடம் சொல்லவில்லை.