பிழைகள்: 0

ஃபஹாஹீலில், கடலிலிருந்து இரண்டு தெரு உள்ளே,
நாலாவது மாடி, லிஃப்ட் பழுது.
மூன்று பேருக்கு ஒரு கம்ப்யூட்டர்.
அதன் ஹார்ட் டிஸ்க் ஜூன் மாதம்
பல்லைக் கடிக்கத் தொடங்கியது.

"தூசி" என்றான் அன்சில்.
"சாவு" என்றார் செல்வின் அண்ணன்,
கம்ப்ரஸர் சத்தத்தை வைத்தே நோய் சொல்கிறவர்.
பதினாறு தினாருக்கு
வெளி டிஸ்க் ஒன்று வாங்கிவந்தேன்.
செலவை மூன்றாக வகுத்து
ஃப்ரிட்ஜ் கதவில் எழுதினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை முழுக்க
சாஃப்ட்வேர் பார்த்தோம், ஃபிளாட் பார்ப்பதுபோல:
வாடகை என்ன, தண்ணீர் வருமா,
கதவு உள்ளிருந்து பூட்டுமா.
ஒன்று எடுத்துவைக்க இலவசம்,
திருப்பித் தரத்தான் காசு.
அடகுக்கடை என்றான் அன்சில்.
ஒன்று மொத்த டிஸ்கையும் ஒரே பொதியாக இறுக்கும்;
உள்ளே இருப்பதை அதைத் தவிர
யாரும் பிரித்துப் பார்க்க முடியாது.
ஒன்று மேகத்துக்கு அனுப்பும்.
எங்கள் இணைய வேகத்தில்
மேகம் நிறைய நாற்பத்தொரு நாள்.

கடைசியில் ஒரு சாதாரணத்தை எடுத்தோம்.
கோப்பைக் கோப்பாகவே நகலெடுக்கும்,
இரவு இரண்டு மணிக்குத் தானாக எழும்,
மாறியதை மட்டும் மறுபடி எழுதும்,
அழித்ததை முப்பது நாள் வைத்திருக்கும்.
எங்கள் கம்பெனி நோட்டீஸும் அதே முப்பதுதான்
என்றார் செல்வின் அண்ணன். யாரும் சிரிக்கவில்லை.

பிறகு அந்தக் கட்டங்கள்.
காப்பாற்ற வேண்டியதை டிக் செய்க.
மவுஸ் என் கையில் இருந்தது.
செல்வின் அண்ணன் மகளின் புதுநன்மை வீடியோ,
முப்பத்தெட்டு ஜிபி: டிக்.
அன்சிலின் பயோடேட்டாக்கள்,
கடைசி, கடைசி2, நிஜக்கடைசி: டிக்.
என் வெல்டிங் சான்றிதழ்கள்,
பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம்: டிக்.

டி டிரைவின் ஓரத்தில்
'கோலப்பன்' என்று ஒரு ஃபோல்டர்.
பதினொரு ஜிபி.
மார்ச்சிலேயே கேன்சல் அடித்து ஊருக்குப் போய்விட்டவர்.
ஏசிக்குப் பக்கத்திலிருந்த அவர் கட்டிலுக்கு
அன்சில் மாறியிருந்தான்.
"போனவர்தானே" என்று சொன்னது யார் என்பதில்
இன்றுவரை மூவருக்கும் ஒத்துப்போகவில்லை.
கட்டம் காலியாக இருந்தது.
காலியாகவே விட்டேன்.
(இடம் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.
புது டிஸ்கில் பாதிக்கு மேல் இடம் இருந்தது.)

ஆகஸ்டில் ஒரு மதியம்
கரண்ட் போய் வந்தபோது பழைய டிஸ்க் எழவில்லை.
வேறொன்றை மாட்டி 'மீட்டெடு' என்றதும்
பச்சைக் கோடு ஊர்ந்தது.
அடுப்பை அணைத்துவிட்டு நின்று பார்த்தோம்.
வெள்ளை உடுப்பில் சிறுமி ஒருத்தி
மெழுகுவர்த்தி அணையாமல் கைமறைத்து
பீடம்வரை நடந்து போனாள்.
அன்றிரவு ஷவர்மா செல்வின் அண்ணன் செலவு.

இரண்டு வாரம் கழித்துக் கோலப்பன் அழைத்தார்.
பணிக்கொடைக் கணக்கைக் குறைத்துவிட்டார்களாம்.
நாலு வருட ஓவர்டைம் தாள்களை,
ஃபோர்மேன் கையெழுத்து தெரிய,
மாதாமாதம் போட்டோ எடுத்து
அந்த ஃபோல்டரில் போட்டிருந்தாராம்.
"அவசரமில்ல தம்பி, ராத்திரிக்குள்ள அனுப்பினாப் போதும்.
நீங்க பேக்கப் எல்லாம் போட்டதா அன்சில் சொன்னான்.
அதக் கேட்டதுக்கப்புறந்தான் தூங்கினேன்."

"பார்க்கிறேன் அண்ணே" என்றேன்.
எத்தனை கவுண்டர்களில்
இதே சொல்லை வாங்கிக்கொண்டு
அவர் வெயிலில் இறங்கியிருப்பார்.

போனை வைத்துவிட்டு
அன்றைய அறிக்கையைத் திறந்தேன்.
தேர்ந்தெடுத்தவை அனைத்தும் மீட்கப்பட்டன.
பிழைகள்: 0.

செத்த டிஸ்கைத் துண்டில் சுற்றி
ஹவல்லிக்கு பஸ் ஏறினேன்.
அங்கே ஒருவர் பிரித்துப் பார்ப்பாராம்.
பார்க்கவே முப்பது தினார்,
கிடைக்குமென்று சொல்ல மாட்டாராம்.
இந்தக் கணக்கை
ஃப்ரிட்ஜ் கதவில் எழுதவில்லை.