விலாசம் இல்லாத நடுக்கம்

அவேய்ரோ தபால் நிலையத்தின் பின்னறையில்
பதினெட்டு வருஷமாகக் கடிதம் பிரிக்கிறேன்.
கோழிக் கிறுக்கல், மழையில் கரைந்த தெருப்பெயர்,
செத்துப்போனவர்களுக்கு இன்னமும் வரும் மின்கட்டண ரசீது,
எதுவானாலும் ஒரு பார்வை போதும்,
சேர வேண்டிய குழியில் போய் விழும்.
என்னுடையதைத்தான் பிரிக்கத் தெரியாமல் போயிற்று.

ஆறு வருஷம், இரவுக்கு ஒன்று.
வெள்ளை. நடுவில் கோடு போட்டது.
விவாகரத்து வழக்கு நடந்தபோது ஆரம்பித்தேன்.
வழக்கு முடிந்தது, மாத்திரை முடியவில்லை.
போன மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை
வீராப்பாக டப்பாவைத் தூக்கிக் குப்பையில் வீசினேன்.
வியாழக்கிழமை மீன் சந்தையில்
தராசுத் தட்டு விழுந்த சத்தம்
பல்லுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.
சட்டைக் காலர் முள்வேலி.
காப்பியில் தகர ருசி.
படுத்தால் நான் கிடக்க
கால்கள் மட்டும் எழுந்து எங்கோ போகப் பார்த்தன.

'பழைய பயம்தான் திரும்பியிருக்கிறது,
அது இல்லாமல் உன்னால் முடியாது கிராசியேத்'
என்றாள் சுல்மீரா, என் மேலுள்ள பிரியத்தில்.
நானும் நம்பினேன்.

டாக்டர் மெஸ்கித்தா திட்டினார்.
ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பே வரலாம் என்றார்.
பழைய அளவைத் திருப்பிக் கொடுத்து
மாதாமாதம் துளித் துளியாகக் குறைக்கச் சொன்னார்.
சமையல் மேஜையில், நகம் ராவும் அரத்தால்
மாத்திரையின் விளிம்பைத் தேய்க்கிறேன்.
பாத்தியில் உப்பு சுரண்டும் ஆட்களைத்
தினமும் பஸ்ஸில் பார்க்கிறேன்,
அவர்களுக்குக்கூட இவ்வளவு பொறுமை இருக்காது.

நோட்டு ஒன்று வாங்கி நடுவில் கோடு கிழித்தேன்.
இடப்பக்கம் பயம், வலப்பக்கம் மருந்து.

பயத்தை எனக்குச் சின்ன வயசிலிருந்தே பழக்கம்.
காரணத்தைக் கையோடு கூட்டிக்கொண்டு வரும்:
வாடகை, மார்பில் தட்டுப்பட்ட கட்டி,
மஃபால்தாவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போகும் பையன்.
வந்தால் நேரே வயிற்றில்தான் உட்காரும்.
இன்னொன்று அப்படியில்லை.
முதலில் உடம்பு உதறும். அப்புறம் அந்த உதறல்
வீடு முழுக்கக் காரணம் தேடி அலையும்.
கேஸை மூடினேனா?
மாடிக்காரன் ஏன் அப்படிப் பார்த்தான்?
கைக்கு அகப்பட்ட விலாசத்தை ஒட்டிக்கொண்டு
கதவைத் தட்டும், உங்களுக்குத்தான் என்று.
கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன் எத்தனையோ இரவு.

இப்படித் தெளிவாகச் சொல்கிறேனே தவிர
நோட்டில் பாதிப் பக்கம் அடித்தல் திருத்தல்தான்.

நவம்பரில் ஒரு நாள்.
போர்ட்டோவிலிருந்து எட்டு மணிக்கு வர வேண்டியவள்
வரவில்லை. ஒன்பதாயிற்று. போன் எடுக்கவில்லை.
கடல் காற்று உப்பளம் தாண்டி வந்து
ஜன்னலைப் பிடித்து உலுக்கியது.
ஒன்பதேகாலுக்கு
வயிற்றில் வந்து உட்கார்ந்தது பாருங்கள்,
எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.
அடி, நீயா! எத்தனை வருஷமாயிற்று!
முத்திரை குத்தி, அனுப்புநர் பெயரோடு,
சுத்தமான, சொந்தமான பயம்.
மாத்திரை உன்னையும் சேர்த்தா
பொட்டலம் கட்டி வைத்திருந்தது?

பத்து இருபதுக்கு அழைத்தாள்.
எஸ்பினோ அருகே தண்டவாளத்தில் மரம்,
போனில் சார்ஜ் இல்லை, யாரிடமோ இரவல்,
சாப்பிட என்ன இருக்கிறது?
வயிற்றில் இருந்தது அந்த நொடியே எழுந்து போயிற்று,
செருப்பைக்கூடத் தேடாமல்.
காதில் ரீங்காரம் நிற்கவில்லை.
தொடை துள்ளுவது நிற்கவில்லை.
மகள் பத்திரம் என்ற சேதி
அவற்றின் காதில் விழவேயில்லை.

கோட்டின் மேலேயே எழுதினேன்:
இரண்டும் வந்தன. ஒன்று போய்விட்டது.
எழுந்து முட்டைக்கோஸ் சூப்பைச் சூடாக்கினேன்.
கரண்டி பாத்திரத்தில் தந்தி அடித்தது.

நனைந்த ஷூவோடு உள்ளே வந்தவள்
என் கையைப் பிடித்துக்கொண்டாள்.
'என்னம்மா இப்படி நடுங்குகிறாய்,
ரொம்பப் பயந்துவிட்டாயா?'

'ஒன்பதேகாலிலிருந்து
பத்து இருபது வரைக்கும்' என்றேன்.
'மிச்சமெல்லாம் வேறே.'