பனச்சமூட்டில் கரண்டு போனபோது

சாலைக்கு அந்தப் பக்கம் கேரளம்.
அங்கே டீக்கடையில் ஃபேன் ஓடுகிறது.
இந்தப் பக்கம் எங்கள் பட்டறையில்
லைட் போய், ரேடியோ போய்,
ரம்பம் மட்டும் தன் பாட்டுக்குச்
சுற்றிக்கொண்டிருக்கிறது.

பதினேழு நொடி. எண்ணி வைத்திருக்கிறேன்.
இரைச்சல் இறங்கி இறங்கி
கொசு அளவுக்கு வந்தாலும்
பல் நின்றுவிட்டது என்று நம்பமாட்டேன்.
மேஜைத்தூள் நடுங்காமல் கிடக்க வேண்டும்,
அப்புறம்தான்.

காலையிலேயே மோதிரம் கழற்றி
சுக்குக்காப்பித்தூள் டப்பாவில் போட்டாயிற்று.
சுடிதாருக்குச் சால் கிடையாது.
அதைப் பற்றி சர்ச் வாசலில் ஒரு பேச்சு உண்டு.
பேச்சு இதுவரை யார் கழுத்தையும்
சுற்றி இழுத்ததாகத் தகவல் இல்லை.

கையுறை போடக்கூடாதா என்பார்கள்.
அட்டி ஏற்ற, இறக்க, போடலாம்.
சுற்றுகிற பல்லுக்கு முன்னால் கையுறை
கையைக் கூட்டிப்போக வந்த ஆள்.

இன்றைக்கு வந்த மரம்
வெள்ளறடையில் இடித்த வீட்டின் அயனி நிலை.
சுகதன் என்பவர் ஆட்டோவில் ஏற்றி வந்தார்,
ஜன்னல் சட்டம் வேண்டுமாம், மத்தியானத்துக்குள்.
உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தை
நீளத்துக்கும் தடவினேன்.
மூன்று இடத்தில் கையை இழுத்தது.
மூன்று ஆணி.
ஒன்று துருவேறி
அயனியின் நிறத்திலேயே படுத்திருந்தது,
யாரோ காலண்டர் மாட்டியது.

பின்சுவரில் ஒரு குழி இருக்கிறது.
ரப்பர் மரத் துண்டு ஒன்று
ரம்பத்தில் இறுகி
திரும்பிப் பறந்து போட்டது.
முதலாளி டென்னிசன் சிமென்ட் பூசட்டுமா என்றார்.
வேண்டாம் என்றேன்.
பலகைக்கு நேர் பின்னால் நிற்காமல்
அரையடி இடதுபக்கம் தள்ளி நிற்கிறேன்.
தரை அங்கேதான் தேய்ந்திருக்கிறது.

பலாக்கட்டையில் அறுத்த தள்ளுகட்டை.
அதன் மூக்கில் பதினாலு வெட்டு,
பதினாலும் விரலுக்கு வந்தவை.

சட்டம் பாதி ஓடியபோதுதான்
கரண்டு போனது.
ரம்பத்துக்கும் வேலிக்கும் நடுவே
ஒரு சிம்பு, சுண்டுவிரல் நீளம், செருகி நின்றது.
பதினேழு முடிந்தது.
டீ கிளாஸோடு சுகதன் குனிந்தார்.
'கரண்டில்லல்லோ, எந்தினா பேடி?'
இன்னொரு கை சிம்பை நோக்கிப் போனது.

'கையை எடுங்க!'

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.
அவர் முகம் சுருங்கியது.
கூலிக்கு நிற்கிற பெண் அதட்டுகிறாள்,
காசு கொடுக்கிறவரை.
சமாதானம் சொல்ல எனக்கு நேரமில்லை.
பழைய ஸ்விட்ச் இது, தள்ளினால் தள்ளினபடி நிற்கும்,
கரண்டு போனது அதற்குத் தெரியாது.
சுற்றி வந்து அதை அணைத்தேன்.
பிளக்கைப் பிடுங்கி
மூன்று காலும் மேலே இருக்க
மேஜை மேல், கண்ணுக்கு முன்னால்
மல்லாத்தி வைத்தேன்.
அப்புறம் தள்ளுகட்டையால் சிம்பை
நெம்பிக்கொண்டிருக்கும்போதே

வந்துவிட்டது.

டியூப்லைட் இரண்டு தடவை துடித்தது.
ரேடியோ பாதி வார்த்தையில் பேசத் தொடங்கியது.
பக்கத்து மாவுமில் உறுமியது.
ரம்பம் சும்மா இருந்தது.

சும்மா இருக்கிற ரம்பத்தைச்
சுகதன் கொஞ்ச நேரம் பார்த்தார்.
கிளாஸை வலது கைக்கு மாற்றினார்,
பிறகு இடதுக்கு.
ஒன்றும் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.
நடக்காததைப் பற்றி
என்ன பேசுவது?

பிளக்கைச் செருகினேன்.
காதடைப்பானை இழுத்துவிட்டேன்.
மீதிச் சட்டமும் ஓடி முடிந்தது.

காசு எண்ணும்போது கேட்டார்,
'இருநூறு குறச்சூடே?'
குறைக்கவில்லை.
அவர் மரத்தில் எடுத்த மூன்று ஆணியையும்
நீட்டிய கையில் வைத்தேன்.
விரல்களை மெதுவாக
மடக்கிக்கொண்டார்.