கீழே, வியாழக்கிழமை

துண்டுச் சீட்டில் இருந்தது இவ்வளவுதான்:
வியாழன், மாலை ஆறு,
சந்தைக்குப் பின்னால் நூலகக் கட்டடம், பக்கவாசல்.
பல்வலிக்குப் போன இடத்தில்
கேட்காமலே ஒரு செவிலி எழுதிக் கொடுத்தது.
பதினோரு வாரம் அதை
ஓட்டுநர் உரிமத்தின் முதுகில் ஒளித்து வைத்திருந்தேன்.

ஏழாம் எண் டிராலிபஸ் என்னுடையது.
கவ்னாஸின் வளைவுகள் எல்லாம் என் முழங்கைக்கு அத்துப்படி.
அந்தப் பக்கவாசலை நாளுக்கு ஆறு தடவை கடப்பேன்.
கடக்கையில் எல்லாம்
எதிர்ப்பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொள்வேன்.

விடியுமுன் டிப்போவில் ஊதச் சொல்வார்கள்.
பூஜ்யம் வரும்.
பூஜ்யம் வரும்படி குடிக்கக் கற்றிருந்தேன்:
எட்டு மணிக்கு மூடியைத் திருகிவிட வேண்டும்,
எட்டு மணிக்குள் எவ்வளவு வேண்டுமானாலும்.
பிப்ரவரியில் ஒரு நாள்
அந்த எந்திரம் கொஞ்சம் யோசித்தது.
யோசித்துவிட்டுத்தான் பூஜ்யம் காட்டியது.

அவ்வளவுதான் காரணம்.
யாரும் சாகவில்லை.
விட்டுப் போகிறவர்கள் முன்பே போயிருந்தார்கள்.

முதல் வியாழன் கைப்பிடி வரை.
அடுத்த வியாழன் மழை என்று திரும்பிவிட்டேன்;
மழை பெய்யவில்லை.
மூன்றாவது வியாழன் உள்ளே போனேன்.

வட்டமாக நாற்காலிகள். தேநீர்க் கெண்டி.
பத்துப் பன்னிரண்டு பேர்.
உட்கார்ந்தேன், கோட்டைக் கழற்றாமல்.

ஒருவர் சொன்னார்:
“இந்தக் குளிர்காலத்தில் மூன்று குடும்பங்களை இழந்துவிட்டேன்.”
எனக்குத் தொண்டை அடைத்தது.
“எனக்கு ஐந்து,” என்றார் இன்னொருவர்.
“தப்பு என்னுடையது. இலையுதிர்காலத்திலேயே
திறந்து பார்த்திருக்க வேண்டும்.”
யாரும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை.
தலையசைத்தார்கள்.
இப்படியும் சொல்லலாம் போலிருக்கிறது,
விளக்கு வெளிச்சத்தில்,
கையில் ஒரு பிஸ்கட்டை வைத்துக்கொண்டு.

மூன்றாமவர் உண்ணிகளைப் பற்றித் தொடங்கினார்.
உண்ணி.
தேனீயின் மேல் ஒட்டிக்கொண்டு உறிஞ்சுகிற
செந்நிற உண்ணி.

எங்கள் மொழியில் ஒரு பெட்டித் தேனீக்களைக்
குடும்பம் என்றுதான் சொல்வோம்.

எழுந்து போகத் தெரியவில்லை.
நடுவழியில் இறங்குவது ஓட்டுநருக்குப் பழக்கமில்லை.
நாற்பது நிமிடம் தேனீ கேட்டேன்.
“உங்களிடம் எத்தனை குடும்பம்?” என்றார்கள் என்னையும்.
“ஒன்றுகூட இல்லை,” என்றேன்.
பொய் இல்லை.

தேநீர் இடைவேளையில்
கைகளில் புகை நாறும் ஒருத்தி, டெக்லே என்று பெயர்,
சர்க்கரைக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள்.
கிண்ணத்தைப் பார்த்தே சொன்னாள்:
“அது இப்போது கீழே மாறிவிட்டது.
கொதிகலன் அறைக்குப் பக்கத்தில். ஏழு மணிக்கு.”

“எது?” என்றேன்.

அவள் பதில் சொல்லவில்லை.
தன் குவளையை எடுத்துக்கொண்டு
எனக்கு முன்னால் படியிறங்கினாள்.
கீழே மூலையில் அவளுக்கென்று ஒரு நாற்காலி இருந்தது,
வீட்டிலிருந்து கொண்டுவந்த மெத்தை போட்டு.

ஏழு பேர். கொதிகலன் இருமிக்கொண்டே இருந்தது.
என் முறை வந்தபோது
ஒத்திகை பார்த்த வாக்கியம் எதுவும் வரவில்லை.
“டங்குவோலே. ஏழாம் எண் ஓட்டுகிறேன்.”
“தெரியும்,” என்றான் ஒரு பையன்,
“ஒருமுறை கதவில் என் பையை நசுக்கினீர்கள்.”
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.
சிரிப்பு முடிந்த இடத்தில்
மீதியைச் சொல்ல வேண்டியிருந்தது.
கொஞ்சம் சொன்னேன்.
எட்டு மணியைப் பற்றி மட்டும்.

இப்போது வியாழன் மாலை ஷிப்டை மாற்றி வாங்கியிருக்கிறேன்.
விண்ணப்பத்தில் காரணம் என்ற கட்டத்தில்
தேனீ என்று எழுதினேன்.
டிப்போ மேலாளர் நம்பிவிட்டார்.
எனக்கும் ஒரு பாட்டில் வேண்டும் என்கிறார்.

ஆகஸ்டில் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.
டெக்லேயிடம் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்,
அது ஒன்றும் பெரிதில்லை.
ஆகஸ்டு என்று ஒரு மாதத்தை
என் வாயால் சொல்லியிருக்கிறேனே,
அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

இப்போதுதான் ஏப்ரல்.