சாப்பிட்டுவிட்டுப் பார்க்க வேண்டாம்

ஏகாம்பரம் வீதியில் என் கடை.
உடைந்த போன் திரை மாற்றுவது தொழில்.
மேசையின் இரண்டாம் லாச்சியில் இருப்பது
தொழில் இல்லை.

"வித்தியாசமா ஏதும் படம் இருக்கா அண்ணை?"
என்று வருகிறவரின்
நகத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.
கடித்த நகமென்றால்
குதிரைப் படத்தைக் கொடுப்பதில்லை.

ஒரு லிஃப்ற். உள்ளே ஒரு குதிரை.
ஒன்றேகால் மணித்தியாலம்.
கதவு திறக்கும் ஒவ்வொரு தளத்திலும்
அதே குடும்பம் சோறு தின்கிறது,
ஒரு ஆள் குறைவாக.
எழுத்து ஓடும்போது எழும்பிப் போகாதே.
கடைசிப் பெயருக்குப் பிறகு
லிஃப்ற் மறுபடி கீழே வரும்.
அந்தச் சத்தத்துக்காகத்தான்
நான் அதை ஏழு தரம் பார்த்தேன்.

துணிவிருந்தால் இது:
ஒரு பெண் தன் பல்லைக் கழற்றிப்
பூச்சாடியில் நடுகிறாள். முளைக்கிறது.
என்ன முளைக்கிறதென்று சொன்னால்
நீ கடைப் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டாய்.
சாப்பிட்டுவிட்டுப் பார்க்க வேண்டாம்.
சாப்பிடாமலும் வேண்டாம்.

ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறை றொமிலா
அதைப் பார்த்துவிட்டு வந்து
"பிழையாய் முளைக்குது, வேர் அப்பிடி இராது"
என்றதோடு சரி.
இரண்டு வடை வாங்கித் தந்தாள்.
அவளைப்போல் ஒரு பார்வையாளரை நான் கண்டதில்லை.

விளங்கவில்லை என்று திருப்பித் தருவோரிடம்
நான் கேட்பது:
இரவு பஸ் நிலையத்தில்
லொத்தர்க் கடை வாசலில் நிற்கும் புள்ளிமான்
பொலித்தீன் பையை மென்றுகொண்டு
உன்னைப் பார்க்கிறதே,
அது உனக்கு விளங்கியதா?
சீனன்குடாக் காட்டுக்குள்
வெறும் எண்ணெய்த் தாங்கியில் கூப்பிட்டால்
உன் குரல் கொஞ்சம் வயதுபோய்த்
திரும்பி வருகிறதே,
அதற்கு யாரிடம் விளக்கம் கேட்டாய்?

ஒரேயொரு தரம் பிழை விட்டேன்.

கடல் பின்வாங்குகிற படம்.
கரையில் கலியாண வீடு. நீர் விலக விலக
அடியில் மேசைகள், வெள்ளை விரிப்பு,
கவிழாத கோப்பைகள்.
விருந்தாளிகள் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துச்
சிரித்தபடி இறங்குகிறார்கள்.
வேறெந்த ஊரிலும் அது கனவு.
கிண்ணியா ஜவ்பர் நானாவுக்கு
நான்தான் சிபார்சு செய்தேன்,
"ஒளிப்பதிவைப் பாருங்கோ" என்று.

அடுத்த நாள் வந்தார்.
பென் டிரைவைக் கடித உறையில் போட்டு
உறையை ஒட்டியும் இருந்தார்.
"மீன் காட்டல்லயே தம்பி" என்றார்.
"மண்ணுல கிடந்து துடிக்கும்.
புள்ளைகள் அதப் பொறுக்கத்தான் ஓடின."
பிறகு போனை நீட்டினார்,
சார்ஜ் ஏறவில்லையாம்.
துளைக்குள் மணல்.
ஊசியால் எடுத்தேன். காசு வாங்கவில்லை.
வாங்காததை அவர் கவனித்தார்.

அந்தப் படம் இன்னும் லாச்சியில்தான்,
உறை பிரிக்காமல்.

அதனால்தான் நகத்துக்கும் முன்னால்
உன்னிடம் கேட்டேன், வீடு எந்தப் பக்கமென்று.
உவர்மலை என்கிறாய்.
மேடு. சரி.
குதிரையில் தொடங்கு.
விளக்கை அணை, கதவைப் பூட்டாதே.
எப்படி இருந்ததென்று வந்து சொல்லவேண்டாம்.
நாளைக்குக் கடை திறந்ததும்
கையைக் காட்டிவிட்டுப் போ.