இரண்டு கண்கள்

ஹவர்காம்ப் அவர்களே,
டுலூத்தில் பனி இன்னும் வடியவில்லை.
வீட்டை விற்றுவிட்டு அரிசோனா போய்விட்டீர்கள்.
சாவி மூன்று, ரிமோட் இரண்டு,
ஒழுகும் குழாய் பற்றி ஒரு துண்டுச்சீட்டு.
கராஜ் கதவைப் பற்றி ஒரு வரி இல்லை.

மாதம் பிறந்தால் சோதிக்கச் சொல்கிறது கையேடு.
இறங்கும் கதவுக்குக் குறுக்கே
துடைப்பத்தின் கம்பை நீட்டினேன்.
நிற்கவில்லை.
தரையில் பலகைத் துண்டு வைத்தேன்.
அதன் மேல் உட்கார்ந்து, முனகி,
அழுத்திக்கொண்டே இருந்தது
நான் பிளக்கைப் பிடுங்கும் வரை.

கண்களைத் தேடினேன்.
நிலைக்கால்களில் திருகாணித் துளைகள் மட்டும்.
மெரிடித்தான் ஏணியில் ஏறிக் கண்டாள்:
உத்தரத்தின் மேல் கறுப்பு டேப் சுற்றி,
அரையடி இடைவெளியில்
ஒன்றையொன்று பார்த்தபடி,
பச்சை விளக்கு எரிய.

எத்தனை வருடம்?
குறுக்கே ஒரு சிலந்திகூட வராத காதல்.
கீழே, ஈரச் சிமெண்டில் பதிந்து காய்ந்த
குழந்தைச் சைக்கிளின் தடம்.

நான் கோபப்படவில்லை.
சரி, கொஞ்சம் பட்டேன்.
மைனஸ் இருபதில், விடியற்காலை ஷிஃப்டுக்குக் கிளம்புகையில்,
பறக்கும் பனித்தூளுக்கெல்லாம் பயந்து
கதவு திரும்பத் திரும்ப எழுந்தால்
யாருக்கும் கை போகும் டேப்புக்கு.

ஆறு அங்குல உயரத்தில்
மறுபடி பூட்டிவிட்டோம்.
ஸ்பிரிங்கைத் தொடவில்லை;
அதற்கு வியாழக்கிழமை ஆள் வருகிறார்.

நேற்று மாலை
பாதி இறங்கிய கதவு
காரணமே இல்லாமல் மேலே போனது.
குனிந்து பார்த்தேன்.
பக்கத்து வீட்டுப் பூனை,
வாலை நட்டுக்கொண்டு,
ஒரு அவசரமும் இல்லாமல்.